குமரி வயலில் ஊட்டிக் காய்: கார்த்திகையில் நட்டு மாசிக்குள் முடியுங்கள்

திருவட்டாறு பக்கம் 40 சென்ட் வயல். நெல் போய் ஏத்தன் (நேந்திரன்) வாழை வந்து பல வருடமாகிவிட்டது. ஒரு புறம் சானல் (பாசனக் கால்வாய்), இன்னொரு புறம் பக்கத்து வீட்டாரின் ரப்பர். வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கும் நீங்கள், அந்த வயலில் முட்டைகோஸ், காலிபிளவர், காரட், பீட்ரூட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் போடலாமா, எப்போது தொடங்குவது, எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். "வேர்வை காயாத ஊரில் கோஸா?" என்று அப்பா சிரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் அவருடைய நியாயம். இந்தக் காய்களில் பெரும்பாலானவை 15 முதல் 20 டிகிரி வரையிலான குளிருக்குப் பழகியவை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. நம் மாவட்டமோ நிலநடுக்கோட்டுக்கு எட்டுப் பாகை வடக்கே, கடலை ஒட்டிக் கிடக்கிறது. கடல் நம் பகல் வெயிலைக் கொஞ்சம் தணிக்கிறது. ஆனால் இரவைக் குளிர விடுவதில்லை. நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஓசூர்ப் பக்கம் கோஸ் போடுகிறவர்களுக்கு இரவுக் குளிராவது துணைக்கு இருக்கிறது. நமக்கு அதுவும் கிடையாது.

மலை இருக்கிறதே, மேலே ஏறிப் பயிர் செய்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். குமரி மலைகளின் பெரும்பகுதி காப்புக் காடு. 2008-ல் வனவிலங்கு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. பயிர் செய்ய இடம் இருக்கும் மலைச்சரிவுகளில் ரப்பரும் கிராம்பும் நல்லமிளகும் வேரூன்றி நிற்கின்றன. குமரிக் கிராம்பு புவிசார் குறியீடு வாங்கிய பயிர். அதை வெட்டிவிட்டுக் கோஸ் போடச் சொல்கிறவர் உங்கள் நலம் விரும்பி அல்ல.

இனி உங்கள் பக்கத்து நியாயம். வெப்பம் தாங்கும் ரகங்கள் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம், கொல்லம் சமவெளிகளில் நம்முடையதைப் போன்ற மண்ணிலும் வெயிலிலும் கோஸும் காலிபிளவரும் பல வீடுகளில் விளைகின்றன. கேரள வேளாண் பல்கலைக்கழகம் சமவெளிக்குப் பரிந்துரைப்பவை கோஸில் என்.எஸ்.43, என்.எஸ்.160, என்.எஸ்.183 ஆகியவை, காலிபிளவரில் பூசா மேக்னா, பசந்த், என்.எஸ்.60. இவை 25 டிகிரியைத் தாண்டிய சூட்டிலும் ஓரளவு தலை கட்டும், பூ வைக்கும். கடைக்காரர் எடுத்துத் தரும் ஏதோ ஒரு காலிபிளவர் விதை பெரும்பாலும் 'ஸ்நோபால்' வகையாக இருக்கும். அதற்குப் பூ வைக்க 10 முதல் 16 டிகிரி வரை குளிர் வேண்டும். நம் ஊரில் அது இடுப்புயரம் இலை விட்டு, பூவே காட்டாமல் நிற்கும். நம் பக்கத்தில் "காலிபிளவர் போட்டேன், வெறும் இலைதான் வந்தது" என்று சொல்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் விதையில் தவறியவர்கள். மண்ணையும் உரத்தையும் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே பாக்கெட்டில் ரகத்தின் பெயரைப் படியுங்கள். பெயரே இல்லாமல் படம் மட்டும் போட்ட பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் என் அனுபவத்தில் குமரியில் இந்தப் பயிர்களுக்குக் குளிரின்மை இரண்டாவது தொல்லைதான். முதல் தொல்லை மழை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் கட்டி நின்றால் கோஸ் நாற்று மூன்று நாள் தாங்காது. 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் வாழையையும் ரப்பரையும் சாய்த்துப்போட்டது யாருக்கும் மறக்காது. 2021 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்தோம். மழைக்கு முன்னால் நட்டால் அழுகும். மழை முழுக்க ஓயட்டும் என்று தை வரை காத்திருந்தால் தலை கட்டும் நேரத்தில் மாசி, பங்குனி வெயில் வந்துவிடும். நடுவில் கிடைப்பது ஒரு குறுகிய இடைவெளி. அதைப் பிடிப்பதுதான் இந்தப் பயிரின் சூட்சுமம் முழுவதும்.

என் கணக்கு இது. ஐப்பசி முதல் வாரத்தில், அதாவது அக்டோபர் இரண்டாம் பாதியில், மழை படாத கூரைக்குக் கீழே நாற்றுவிடுங்கள். கார்த்திகை முதல் பாதியில் வானத்தைப் பார்த்து, இரண்டு நாள் மழை விட்டதும் நடுங்கள். தை பிறக்கும்போது கோஸ் தலை கட்டிக்கொண்டிருக்கும். தைக் கடைசியில் தொடங்கி மாசி நடுவுக்குள் அறுவடை முடிந்துவிட வேண்டும். இதில் தண்ணீர்க் கணக்கும் ஒன்று உண்டு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் மாதம் திறக்கும் தண்ணீர் பிப்ரவரி கடைசியில் அடைபடும். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு நெல் போகத்துக்கும் வைத்த கணக்கு அது. உங்கள் கோஸ் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டால் சானல் அடைத்தாலும் கவலை இல்லை. பிந்தினால் கிணற்றையும் மோட்டாரையும் நம்ப வேண்டியதுதான்.

அடுத்து மண். கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கத்துச் செம்மண் பெரும்பாலும் புளிப்பு மண், அதாவது அமில மண். ஆண்டாண்டாகப் பெய்யும் மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் போரானையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. வாழையும் மரச்சீனியும் ரப்பரும் அதைப் பொறுத்துக்கொள்ளும். கோஸ் குடும்பமும் பீட்ரூட்டும் பொறுக்காது. எனவே மழை தொடங்கும் முன்பே மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கார அமில நிலை 6-க்குக் கீழே என்று வந்தால் சென்ட்டுக்கு 2 முதல் 3 கிலோ வரை விவசாயச் சுண்ணாம்போ டோலமைட்டோ தூவிக் கொத்திவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் கழித்து மற்ற உரங்களைப் போடுங்கள். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் போட்டால் யூரியாவின் தழைச்சத்து காற்றோடு போகும். சாணத்தையும் சுண்ணாம்பையும் ஒன்றாகக் கலந்து குவித்து வைப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அதுவும் அதே நஷ்டம்தான்.

வயலாக இருப்பதால் வடிகால் இல்லாமல் எதுவும் நடக்காது. ஓரடி உயரத்துக்கு மண்ணை அணைத்து உயரப் பாத்தி போடுங்கள். இரண்டு பாத்திக்கு நடுவே ஒரு வாய்க்கால். அந்த வாய்க்காலின் கடைமுனை எங்கே போய் விழுகிறது என்பதை நடுவதற்கு முன் ஒரு மழை நாளில் குடையோடு போய்ப் பாருங்கள். தண்ணீர் பக்கத்து வயலில் ஏறினால் பயிரோடு உறவும் கெடும். சென்ட்டுக்கு 100 கிலோ மக்கிய தொழுவுரம் வேண்டும். கோஸ், காலிபிளவர் இரண்டும் பெருந்தீனிக்காரப் பயிர்கள். பட்டினி போட்டால் பழிவாங்கும். ரசாயன உரம் போடுவதாக இருந்தால் ஒரு சென்ட்டுக்கு மொத்தம் யூரியா 1¼ கிலோ, ராக் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 800 கிராம் போதும். ராக் பாஸ்பேட் முழுவதும், மற்ற இரண்டில் பாதியும் அடியுரம். மீதி ஒரு மாதம் கழித்து மண் அணைக்கும்போது. நம் புளிப்பு மண்ணில் ராக் பாஸ்பேட் தானாகவே கரைந்து பயன் தரும் என்பதால் விலை கூடிய சூப்பர் பாஸ்பேட்டைத் தேட வேண்டாம்.

போரானைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலிபிளவர் பூவில் தவிட்டு நிறத் திட்டு விழுவதும், தண்டை வெட்டினால் உள்ளே பொந்தாக இருப்பதும் நம் பக்கத்தில் சாதாரணம். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். பெரும்பாலும் அது போரான் பற்றாக்குறை. சென்ட்டுக்கு 40 கிராம் போராக்ஸை மணலோடு கலந்து அடியுரத்தோடு தூவினால் போதும். நல்லதுதானே என்று இரண்டு மடங்கு போட்டுவிடாதீர்கள். போரானுக்குப் போதுமானதற்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. காலிபிளவரின் இலை அகலம் சுருங்கி நடுநரம்பு மட்டும் சாட்டை போல நீண்டு வந்தால் அது மாலிப்டினம் என்ற நுண்சத்தின் குறை. புளிப்பு மண்ணில்தான் அது தலைகாட்டும். சுண்ணாம்பு ஒழுங்காகப் போட்டவர் வயலில் பெரும்பாலும் வராது.

நாற்றை 98 குழித் தட்டில் விடுவதே நல்லது. நம் மாவட்டத்தில் தென்னை நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆலையிலிருந்து நேராக அள்ளி வந்த பச்சைக் கழிவு வேண்டாம், மக்க வைத்ததாக இருக்கட்டும். அதோடு மண்புழு உரமும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் கலந்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை. ஐப்பசி ஈரத்தில் நாற்றழுகல்தான் பெரிய எதிரி. காலையில் ஒருமுறை தண்ணீர் தெளித்தால் போதும், மாலையில் வேண்டாம். 20 முதல் 25 நாளில் நான்கைந்து இலை வந்துவிடும். அப்போது நட்டாக வேண்டும். மழை விடவில்லை என்று காலிபிளவர் நாற்றை 40 நாள் தட்டிலேயே வைத்திருந்தால், நட்ட பிறகு அது பெரிதாக வளராமல் எலுமிச்சை அளவில் ஒரு பூ வைத்து முடித்துக்கொள்ளும். அதனால் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக நாற்றுவிடுங்கள். ஒரு தவணை மழையில் சிக்கினாலும் இன்னொன்று கை கொடுக்கும்.

இடைவெளி 60-க்கு 45 சென்டிமீட்டர். வாய்க்கால் போக ஒரு சென்ட்டில் 120, 130 நாற்று கொள்ளும். எங்கே நடுவது என்பதில்தான் உங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஓணத்துக்குக் குலை வரவேண்டும் என்று ஏத்தன் கன்றை ஐப்பசி, கார்த்திகையில்தானே வைப்பீர்கள்? இரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்த அந்தக் கன்றுகள் முதல் மூன்று மாதம் இலை விரித்து நிழல் கட்டுவதில்லை. அந்த மூன்று மாதமும் கோஸுக்கு வேண்டிய மூன்று மாதமும் ஒன்றே. ஆகவே வாழையைக் கைவிடாமலே, புது வாழைக் கன்றுகளுக்கு நடுவே இரண்டு வரிசை கோஸ் நடலாம். கோஸுக்கான உரத்தைக் கோஸுக்கும் வாழைக்கானதை வாழைக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஒன்றின் பங்கை மற்றது தின்னக் கூடாது. அறுவடை முடிந்ததும் இலை, தண்டு எல்லாவற்றையும் வாழைத் தடத்திலேயே போட்டு மூடிவிடலாம். வாழைக்கு நடுவே வெள்ளரி, பூசணி போடுவதைவிட இது எத்தனையோ மேல். அந்தக் கொடிகளில் வரும் அசுவினி வாழைக்கும் வைரஸ் நோயைக் கொண்டுவரும்.

ரப்பர் பக்கம் இருக்கும் வரப்பை ஒட்டி மூன்று மீட்டராவது விடுங்கள். மார்கழி, தையில் ரப்பர் இலை உதிர்ப்பதால் நிழல் தொந்தரவு இருக்காது, வேர்தான் தொந்தரவு. உதிர்ந்த சருகைக் கேட்டால் பக்கத்து வீட்டார் தருவார்கள். வாழைச் சருகோடு அதையும் பாத்தியில் மூடாக்காகப் போட்டால் மண் சூடு குறையும், ஈரமும் நிற்கும். குளிர் இல்லாத ஊரில் வேர்ப் பகுதியையாவது குளிர்ச்சியாக வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது.

காலிபிளவரில் கவனமாகப் பார்க்க வேண்டிய நாட்கள் உண்டு. நட்டு 45, 50 நாள் ஆகும்போது நடுக்குருத்து இலைகள் நேராக நிற்பதை விட்டு உள்பக்கமாகச் சுருண்டு ஒன்றையொன்று மூடத் தொடங்கும். அதைக் கண்டதும் காலை வெளிச்சத்தில் இரண்டு விரலால் அந்த இலைகளை மெல்ல விலக்கிப் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவில், தயிரின் வெண்மையில் ஒரு மொட்டு தெரியும். அது கோழிமுட்டை அளவுக்கு வந்ததும் வெளியிலைகள் நான்கைந்தை மேலே கூட்டி, காய்ந்த வாழை நாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் நம் வெயிலில் பூ மஞ்சளாகும். அதன் பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் பூ தயாராகும். பூவின் மேற்பரப்பு மழமழப்பாக, இறுக்கமாக இருக்கும்போதே வெட்டுங்கள். இன்னும் பெரிதாகட்டும் என்று ஆசைப்பட்டால் சூட்டில் அது ரவை தூவியது போலப் பொரிந்து, நடுவில் சிறு பச்சை இலைகளும் கிளம்பிவிடும். சுவை கெடாது, ஆனால் விலை போகாது. அரைக் கிலோப் பூவில் திருப்தி கொள்ளுங்கள். சந்தையில் பார்க்கும் குளிர்ப்பிரதேசப் பூவோடு எடை போட்டுப் பார்க்க வேண்டாம்.

கோஸில் அப்படி நுணுக்கம் இல்லை. தலையை உள்ளங்கையால் அழுத்தினால் கல்லாக இருந்தால் வெட்டலாம். நெடுநாள் காய்ந்த பாத்திக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் பாய்ச்சினால் தலை வெடிக்கும்; தையில் எதிர்பாராமல் ஒரு மழை வந்தாலும் வெடிக்கும். முற்றியவற்றை மழைக்கு முன்னால் எடுத்துவிடுவதே வழி.

பூச்சியில் முக்கியமானது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இலையின் அடிப்பக்கம் பச்சையத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் கண்ணாடித்தாள் போல விட்டுவைக்கும். விரலால் தொட்டால் படபடவென்று துள்ளி, ஒரு நூலிழையில் கீழே தொங்கும். பார்த்தால் சந்தேகமே வராது. கண்ட கண்ட மருந்தையெல்லாம் அடித்தடித்து, உலகம் முழுவதும் அதற்கு மருந்து பலிக்காத நிலையை உண்டாக்கிவைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது கடுகு. 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு என்பது பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன கணக்கு. ஒரு வரிசையை நடவுக்கு 15 நாள் முன்பும், இன்னொன்றை நட்டு 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். பூச்சி கோஸை விட்டுக் கடுகில் முட்டையிடும். மருந்தைக் கடுகில் அடித்தால் போதும். கோஸில் அடிக்க 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. அதாவது லிட்டருக்கு 50 கிராம் பருப்பு இடித்து இரவு ஊறவைத்தது. அதற்கும் மிஞ்சினால் 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்ற நுண்ணுயிர் மருந்து, மாலை வேளையில். காலிபிளவர் பூவின் மேல் எந்த ரசாயன மருந்தும் படக்கூடாது. பூவின் இடுக்கில் போனது கழுவினாலும் வராது.

புரொடீனியா அந்துப்பூச்சி இலையடியில் தவிட்டு நிற ரோமத்தால் மூடிய முட்டைக் குவியல் வைக்கும். அந்த ஓர் இலையைக் கிள்ளி நசுக்கினால் நூற்றுக்கணக்கான புழு அதோடு போயிற்று. தினமும் ஒரு நடை நடந்தால் மருந்தே வேண்டாம். ஆப்பிரிக்க நத்தை உங்கள் பக்கம் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் நட்ட அன்றிரவே வரும். நனைத்த சாக்கின் அடியில் கோஸ் இலையும் பப்பாளி இலையும் போட்டுவைத்தால் விடியற்காலையில் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள், அந்தத் தண்ணீரை வயலில் கொட்டாதீர்கள். இலையின் ஓரத்தில் 'வி' வடிவில் மஞ்சள் விழுந்து, அதன் முனை நடுநரம்பை நோக்கி வந்தால் அது பாக்டீரியாக் கருப்பழுகல். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, அடுத்த ஆண்டு அதே பாத்தியில் கோஸோ காலிபிளவரோ முள்ளங்கியோ போடாமல் இருங்கள். மயிலும் காட்டுப்பன்றியும் வேறு. அதற்கு வலை, வேலி தவிர எனக்குத் தெரிந்த உபாயம் இல்லை.

நீங்கள் கேட்ட மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முள்ளங்கி எல்லாவற்றிலும் எளிது. பூசா சேட்கி ரகம் வெயில் தாங்கும், 40, 45 நாளில் எடுக்கலாம். பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் தொடர்ந்து காய் இருக்கும். நூல்கோல் அடுத்தபடி, கோஸ் குடும்பத்தில் மிக விரைவானது அதுதான். ஆனால் நம் பக்கத்தில் அதை வாங்கும் வீடுகள் குறைவு. பீட்ரூட் வரும், சுண்ணாம்பு போட்டிருந்தால். அதன் விதை என்று நாம் நினைப்பது பல விதை சேர்ந்த ஒரு கொத்து. ஒரே இடத்தில் மூன்று நான்கு முளைக்கும். ஒன்றை விட்டு மற்றதைக் களையாவிட்டால் எதுவும் கிழங்கு வைக்காது.

காரட்டை வீட்டுத் தேவைக்கு மட்டும் போடுங்கள். நியூ குரோடா போன்ற ரகம் குட்டையாக, பருமனாக வரும். நிறமும் இனிப்பும் ஊட்டிக் காரட்டின் அளவு இருக்காது, ஏனென்றால் இரண்டுமே குளிரில்தான் கூடும். உங்கள் வயல் மண்ணில் கல்லும் கட்டியும் இருந்தால் கவட்டை கவட்டையாகப் பிளக்கும். காரட் ஆசை தீர வேண்டுமென்றால் ராஜாக்கமங்கலம் பக்கத்து மணற்பாங்கான நிலம்தான் ஏற்றது. நாற்று விட்டுப் பிடுங்கி நடவும் கூடாது, நேரடி விதைப்புதான். பீன்ஸ் 30 டிகிரியைத் தாண்டினால் பூவை உதிர்க்கும். அர்கா கோமல் போன்ற குத்து ரகத்தைக் கார்த்திகையில் போட்டால் ஒன்றிரண்டு பறிப்பு கிடைக்கலாம். உருளைக்கிழங்கும் பட்டாணியும் வேண்டவே வேண்டாம். உருளை கிழங்கு வைக்க இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே வேண்டும். அது நம்மிடம் இல்லை; ரகம் மாற்றி ஏமாற்றவும் முடியாது.

இந்த இடத்தில் அப்பாவின் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கென்று குளிர்காலக் காய்கள் இல்லாமல் இல்லை. அவரையும் சிறகவரையும் பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் மார்கழியில் காய்த்துத் தள்ளும். சிறுகிழங்கு மார்கழி, தையில் தோண்டும் பயிர். பொங்கலுக்கு அது இல்லாத வீடு உண்டா? ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அதில் ஸ்ரீ தாரா என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. காய்ச்சில், சேனை, சேம்பு எல்லாம் இதே மாதங்களில்தான் வீட்டுக்கு வருகின்றன. இவற்றுக்கு மருந்துச் செலவு கிடையாது, புளிப்பு மண்ணும் ஒரு பொருட்டல்ல. சிறுகிழங்குக்குப் பொங்கல் வாரத்தில் கிடைக்கும் விலையைக் கோஸ் எந்த வாரத்திலும் தொடாது. நானாக இருந்தால் 40 சென்ட்டில் முதல் ஆண்டு ஐந்து சென்ட் கோஸும் காலிபிளவரும் புது ஏத்தனுக்கு நடுவே, இரண்டு சென்ட் முள்ளங்கியும் பீட்ரூட்டும், பத்து சென்ட் சிறுகிழங்கு, மீதி வாழையாகவே விட்டுவைப்பேன். வரப்பெல்லாம் அவரை.

ஐந்து சென்ட்டே போதும் என்று சொல்வதற்குக் காரணம் விற்பனை. உங்கள் கோஸ் வரும் தை, மாசியில் மற்ற ஊர்க் கோஸும் சந்தையில் குவிந்து கிடக்கும். வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ மொத்தக் கடைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனால், லாரியில் வந்து இறங்கிய காயின் விலைதான் உங்களுக்கும். செலவு அவர்களைவிட உங்களுக்குக் கூடுதல், காய் அவர்களுடையதைவிடச் சிறிது. அந்தப் போட்டியில் நிற்க முடியாது. ஆனால் அன்று காலை வெட்டிய, விஷ மருந்து அடிக்காத கோஸ் என்று தெரிந்தால் அக்கம்பக்கத்து வீடுகளும் அலுவலகம் போகிறவர்களும் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவார்கள். ஐந்து சென்ட்டில் வரும் சில நூறு தலையை இப்படி விற்க முடியும். 40 சென்ட்டில் வருவதை முடியாது. எல்லாம் ஒரே வாரத்தில் முற்றும், கோஸ் நம் சூட்டில் வைத்திருந்து விற்கும் சரக்கும் அல்ல. இரண்டு தவணை நாற்று என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதை வாங்குவதற்கு முன் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள், திருவட்டாறிலிருந்து பக்கம்தான். நாகர்கோவில் போகும் வேலை இருந்தால் திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. மண் பரிசோதனை முடிவையும் கையோடு எடுத்துப் போனால் சுண்ணாம்பின் அளவை உங்கள் வயலுக்கே சரியாகச் சொல்வார்கள். கோஸிலிருந்து விதை எடுத்து அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. பூத்து விதை பிடிக்க அதற்கு நீண்ட குளிர் வேண்டும். தவிர இவற்றில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகங்கள். ஆண்டுதோறும் பாக்கெட் விதைதான். வாங்கும்போது பின்பக்கம் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஐப்பசிக்குத் தேவையானதைப் புரட்டாசியிலேயே வாங்கி, ஈரம் படாத டப்பாவில் வைத்துவிடுங்கள்.